பெயர் அழிந்த குச்சிகள்

அக்டோபரில் கொரின் நட்டுவைத்த ஐஸ் குச்சிகளில்
ஒன்றிலும் இப்போது எழுத்தில்லை.
மினசோட்டாப் பனி
அவள் கையெழுத்தை ஐந்து மாதம் நக்கித் தீர்த்திருக்கிறது.
இருபத்திரண்டு குச்சி, எல்லாம் ஒரே வெளுப்பு.
எது யாருடைய இடம் என்று
மண்ணுக்குத் தெரியும். அது சொல்லாது.

நான் பனி தள்ளுகிறவன்.
இரவு இரண்டு மணிக்கு
ஆரஞ்சு விளக்கு சுழல ஒரு லாரி போகுமே,
அதற்குள் கொட்டாவி விடுவது நான்தான்.
எதிரில் கிடப்பதை ஓரங்கட்டுவது,
பின்னால் உப்பைத் தூவுவது.
பதினாறு குளிர்காலமாய்
எனக்குத் தெரிந்த விதைப்பு இவ்வளவே.

கழிவுநீர்க் குழாய் மாற்றத் தோண்டியதில்
புல்தரை போனது.
மறுபடி புல் வேண்டாம் என்றாள் கொரின்.
நமக்கு முன்னால் இங்கே இருந்தவை வரட்டும்.
எனக்கு அதில் கருத்து எதுவும் இல்லை.
குழி வெட்டினேன்.

ஏப்ரல் தொடக்கத்தில்
தெற்குச் சுவரோரம் சாம்பல் நிறத்தில் ரோமம்.
செத்த எலி என்று காலால் தள்ளப்போனேன்.
குனிந்தால், மொட்டு.
கம்பளி போட்டுக்கொண்டு வந்திருந்தது.
"பாஸ்காப் பூ!" என்று
ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினாள் கொரின்,
வாயில் பல்துலக்கியோடு.

அடுத்து இரத்தவேர்.
ஒற்றை இலையைப் போர்த்திக்கொண்டு
கதவுக்கு வெளியே எட்டிப்பார்க்கிற கழுத்து.
மூன்றாம் நாள் போர்வையை நழுவவிட்டு
எட்டு இதழாய் நின்றது.

பதினேழாம் தேதி நள்ளிரவு தொலைபேசி.
ஒன்பது அங்குலம் வருகிறது, வடமேற்குக் காற்று,
டுவெய்ன் வண்டியில் ஏறிவிட்டான், நீ எங்கே?
பூட்ஸை மாட்டியபடி டார்ச் அடித்துப் பார்த்தேன்.
எட்டு இதழும் கூம்பியிருந்தன.
வெள்ளைமேல் வெள்ளை விழுந்துகொண்டிருந்தது.

விடியும்வரை ஊரைத் தள்ளினேன்.
பள்ளிக்கூடம், பால்பண்ணைச் சாலை,
லூத்தரன் கல்லறையின் வளைவு.
வீட்டுக்கு வந்து
என் வாசலை மட்டும் தள்ளவில்லை.
தள்ளினால் பனி எங்கே போய் விழும் என்று
இப்போது தெரியும்.
ஜனவரி முழுக்க அங்கேதான் குவித்தேன்,
உப்போடு சேர்த்து,
அடியில் ஆள் தூங்குவதை நினைக்காமல்.

கணுக்கால் புதைய நடந்தே காருக்குப் போனாள் கொரின்.
பனி தள்ளுகிறவனின் வாசல், என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

மதியம் கூரை சொட்டத் தொடங்கியது.
தூங்கவேண்டியவன் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
மூன்று மணிவாக்கில் பனியில் ஒரு துளை.
துளைக்குள் பச்சை.
வெயில் அந்தப் பக்கம் திரும்பியதும்
நிதானமாகத் திறந்தது.
எட்டில் ஆறு இதழ்.
மீதி இரண்டைப் பற்றி அது எதுவும் கேட்கவில்லை.

மே மாதம் ஆட்கள் தினமும் வந்தார்கள்.
ஊதா இலையோடு வந்து பச்சைக்கு மாறியவர்,
மண்ணோடு கன்னம் வைத்துப் பூத்தவர்,
மூன்று இலை, மூன்று இதழ், அதற்குமேல் பேச்சில்லாதவர்.
கொரின் ஒவ்வொரு குச்சியாய்ப் பிடுங்கி
இம்முறை பெயின்ட்டில் பெயர் எழுதினாள்.
பதினைந்து பெயர்.
உப்பு குவிந்த ஓரத்தில் ஆறு குச்சி அப்படியே நின்றது.
அந்தக் கணக்கு என்னுடையது.

மிச்சம் ஒன்று, வேலி மூலையில்.
மாதம் முடியப்போகிறது,
அங்கே வெறும் மண்.
அவள் மருத்துவமனைச் சலவைக்குப் போயிருந்த நேரம்
பொறுக்காமல் விரலால் கிளறினேன்.
டக்கென்று ஒடிந்தது.
கட்டைவிரலில் பால் வழிந்தது,
எருக்கைக் கிள்ளினால் வருமே, அந்தப் பால்.
இறந்ததற்குப் பால் வராது.
திருடனைப் போல மண்ணை இழுத்து மூடினேன்.
கையைக் கழுவியும் பிசுபிசுப்பு
இரவுவரை இருந்தது.

ஜூன் ஆறாம் தேதி,
ஒடிந்த இடத்துக்கு இந்தப்பக்கம் ஒன்று,
அந்தப்பக்கம் ஒன்று.
கொரின் மண்டியிட்டுப் பார்த்தாள்.
"நான் ஒன்றுதானே நட்டேன்?"

ஆமாம், என்றேன்.
ஒன்றுதான் நட்டாய்.